தூள் போடாத நாலு மாதம்

விற்றமின் ஏ இல்லாமல் யாழ்ப்பாணத்தில் சமைக்க ஏலுமா என்று யாருக்காவது சந்தேகம் இருந்தால் எங்கள் ரூம் ஆட்களைக் கேளுங்கோ. நாலு மாதம் சமைத்திருக்கிறோம். கரட், பூசணிக்காய், பப்பாசி, மாம்பழம் விடுவது பெரிய வேலை இல்லை. முருங்கையிலை, வல்லாரை, பொன்னாங்காணி, வறை வைக்கிற அத்தனை இலையையும் விடுவது கொஞ்சம் கஷ்டம், ஆனால் ஏலும். முட்டை, ஈரல், பட்டர், மாஜரின், பால்மா எல்லாம் போன பிறகுதான் அடுத்த இடி விழுந்தது. செத்தல் மிளகாயின் சிவப்பும் கரட்டின் நிறமும் சொந்தக்காரர். உடம்புக்குள் போய் விற்றமின் ஏயாக மாறுகிற சத்து மிளகாய்த்தூளில் தாராளமாக இருக்கிறது. வீட்டில் வறுத்து இடித்து அனுப்பின தூள்ப் போத்தல் அலுமாரிக்கு மேல் ஏறியது. கறிவேப்பிலையும் போச்சு.

மிச்சம் என்ன? சோறு, பருப்பு, உருளைக்கிழங்கு, வாழைக்காய்ப் பால்கறி, கோவா, வெங்காயம், பிளேன்ரீ. எல்லாம் வெள்ளை. ஆசுப்பத்திரிச் சாப்பாடு போல என்று முதல் கிழமை சிரித்தோம். இரண்டாம் கிழமை சிரிக்கவில்லை.

நாங்கள் என்றால் நாலு பேர். கலைப்பீடம். திருநெல்வேலியில் ஒரு வீட்டின் பின்பக்க அறையில் வாடகைக்கு இருக்கிறோம். இந்த டயட் எங்களில் ஒருத்தியுடையது. ஆனால் அடுப்பு ஒன்று, சட்டி இரண்டு. ஆளுக்கொரு கறி வைக்க நேரமும் இல்லை, காஸ் விற்கிற விலைக்கு மனமும் இல்லை. அதனால் இரவில் அவளுக்குச் சமைத்ததையே எல்லோரும் சாப்பிட்டோம். மத்தியானம் மற்ற மூன்று பேரும் கன்டீனில் மீன்குழம்போடு பழி தீர்த்துக்கொண்டது வேறு கதை. இதை எழுதலாமா என்று அவளிடம் கேட்டோம். பெயர் போடாமல், 'விசர் வேலை' என்ற சொல்லையும் போடாமல் எழுதச் சொன்னாள்.

தொடக்கம் முகப்பரு. பதினாறு வயதில் வந்தது, இருபத்திரண்டிலும் போகவில்லை. வேப்பிலை அரைத்துப் பூசினாள், கஸ்தூரி மஞ்சள் பூசினாள், கடையில் விற்கிற எல்லாம் பூசினாள். கலியாண வீட்டுக்குப் போனால் அவளிடம் படிப்பைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. "முகத்துக்கு ஒண்டும் செய்யேல்லையோ பிள்ளை?" என்றுதான் கேட்பார்கள். வீட்டில் சாதகம் எடுத்து வைத்துவிட்டார்கள். அடுத்தது படம். அம்மா போனில் படம் கேட்கிற நாளில் இவள் சாப்பிடமாட்டாள்.

கடைசியாக ஒரு தோல் டொக்டரிடம் போனாள். மூன்று நிமிடம் பார்த்துவிட்டு ஐசோட்ரெட்டினொயின் குளிசை எழுதினார். நல்ல மருந்துதான், கடுமையான பருவுக்கு அதைவிடப் பலமானது குறைவு. ஆனால் உதடு வெடிக்கும், தோல் காயும், மூட்டு நோகும், முதல் கிழமைகளில் பரு கூடவும் செய்யும் என்று ஒருவரும் அவளுக்குச் சொல்லவில்லை. சொல்ல எவ்வளவு நேரம் பிடிக்கும்? உதடு வெடித்து இரத்தம் வந்த பிறகு பெட்டிக்குள் இருந்த தாளை நாங்கள் நாலு பேரும் அகராதியை வைத்துக்கொண்டு வாசித்தோம். கர்ப்பமாக இருந்தால் எடுக்கவே கூடாது, பிள்ளைக்குப் பாதிப்பு வரும் என்று இருந்தது. இந்த மருந்தோடு விற்றமின் ஏ குளிசை எடுக்கக்கூடாது என்றும் இருந்தது. ஏன் கூடாது? ஏனென்றால் இந்த மருந்தே விற்றமின் ஏயின் ஒரு வடிவம்.

அந்த ஒரு வரி அவளை இரவிரவாகத் தேட வைத்தது. கனடாவில் ஒரு பொறியியலாளர் இருக்கிறார். விற்றமின் ஏ சத்தே இல்லை, ஈரலில் சேர்கிற நஞ்சு என்பது அவருடைய வாதம். வருடக்கணக்காகச் சோறும் மாட்டிறைச்சியும் பீன்ஸும் சாப்பிட்டு வருகிறாராம். மருத்துவ உலகம் இதை ஏற்கவில்லை. ஆனால் அவள் ஏற்றாள். அவளுடைய உதடு அதற்குச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்ததே!

முழுப் பொய்யாக இருந்தால் ஒரே இரவில் அவளோடு வாதாடி முடித்திருப்போம். இதில் பாதி உண்மை. விற்றமின் ஏ கூடினால் நஞ்சுதான். துருவக்கரடியின் ஈரலைச் சாப்பிட்டு நோயில் விழுந்த ஆட்களின் கதை பழையது. 1913 ஜனவரியில் அந்தாட்டிக்காவில் டக்ளஸ் மோசனோடு போன சேவியர் மேர்ட்ஸ் இறந்ததற்கும், பசியில் சாப்பிட்ட வண்டில் நாய்களின் ஈரல் காரணமாக இருக்கலாம் என்று பின்னாட்களில் எழுதினார்கள். ஆனால் அது ஈரலில் இருக்கிற, உடம்பு அப்படியே எடுத்துக்கொள்கிற விற்றமின். கரட்டிலும் கீரையிலும் இருப்பதை உடம்பு தனக்குத் தேவையான அளவுக்குத்தான் மாற்றும். அளவு மிஞ்சி கரட் சாப்பிட்டால் உள்ளங்கை மஞ்சளாகும், அவ்வளவுதான். முருங்கையிலை வறை சாப்பிட்டு ஒருவரும் நஞ்சாகிச் செத்ததில்லை.

எங்களில் சரித்திரம் படிக்கிறவள் ஒரு விஷயத்தைத் தேடிப் பிடித்தாள். இரண்டாம் உலகப்போர் காலத்தில் இங்கிலாந்தில் ஷெபீல்ட் நகரில் ஒரு பரிசோதனை நடந்தது. மனச்சாட்சி விடவில்லை என்று துவக்குத் தூக்க மறுத்தவர்கள், அதற்குப் பதிலாகத் தங்கள் உடம்பை ஆராய்ச்சிக்குக் கொடுத்தார்கள். 1942இல் தொடங்கியது. பின்னாளில், 1953இல், நோபல் பரிசு வாங்கின ஹான்ஸ் கிரெப்ஸ் அதை நடத்தியவர்களில் ஒருவர். 23 பேர். அதில் 16 பேருக்கு விற்றமின் ஏ இல்லாத சாப்பாடு. மாதக்கணக்காக, சிலருக்கு ஒரு வருடத்துக்கும் மேலாக, அதையே சாப்பிட்டார்கள். தெளிவான குறைபாடு வந்தது மூன்றே மூன்று பேருக்கு. மற்றவர்களின் ஈரலில் சேமிப்பு இருந்தது, உடம்பு அதை எடுத்து எடுத்துச் செலவழித்தது. 1949இல் அறிக்கை வந்தது. போருக்குப் போகமாட்டேன் என்று சொன்னவன் இரண்டு வருடம் சப்பென்ற சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டு இருட்டறைக்குள் கண்ணைப் பரிசோதிக்க இருந்திருக்கிறான் என்பது எங்களுக்கு அவளின் டயட்டைவிடப் பெரிய கதையாகப் பட்டது. ஆறுதலாக அதைப் பற்றித் தனியாக எழுதவேண்டும்.

நாங்கள் அவளிடம் கேட்டது இதுதான்: வருடக்கணக்காக மாம்பழமும் முட்டையும் தின்று வளர்ந்த உன் ஈரல் மூன்று கிழமையில் எப்படிக் காலியாகும்?

ஏனென்றால் மூன்றாம் கிழமையே மாற்றம் தெரிந்தது என்றாள். உண்மைதான். உதடு ஆறியது, முழங்கால் நோ போனது. ஆனால் டயட் தொடங்கின அன்றே குளிசையையும் நிற்பாட்டியிருந்தாள். குளிசை போனால் அதன் பக்கவிளைவும் போகும்தானே. கன்னத்தில் பருவும் கொஞ்சம் அடங்கினது போலத்தான் இருந்தது. அது குளிசையின் மிச்சப் பலனா, பால்ரீயும் பிஸ்கட்டும் விட்டதாலா, பரீட்சை முடிந்ததாலா? நாலைந்து விஷயத்தை ஒரே நாளில் மாற்றிவிட்டு ஒன்றுக்கு மட்டும் மாலை போடுவது என்ன நியாயம்? இதைச் சொன்னதற்கு இரண்டு நாள் எங்களோடு கதைக்கவில்லை.

இரண்டாம் மாதம் நிறை நாலு கிலோ குறைந்தது. மூன்றாம் மாதம் தலைமயிர் சீப்போடு கொத்தாக வந்தது. மாதவிடாய் பிந்தியது. படியேறினால் மூச்சு வாங்கினாள், மத்தியான விரிவுரையில் மேசையில் படுத்தாள். "நஞ்சு வெளியேறுது" என்றாள். அந்தக் கனடாப் பாணிச் சாப்பாட்டில் இறைச்சியாவது இருக்கிறது. இவள் மாடு தொடாத வீட்டுப் பிள்ளை, மீனையும் சந்தேகத்தில் விட்டிருந்தாள். குறைந்தது விற்றமின் ஏ மட்டும் இல்லை. இரும்பு, புரதம் எல்லாம் சேர்ந்து போனது.

எங்களுக்குப் பயம் வந்தது நாலாம் மாதம், லைபிரரியால் வந்த ஒரு பின்னேரம். ஒழுங்கையில் படுத்துக்கிடந்த நாயை அவள் காணவில்லை, மிதித்துவிட்டாள். நாய் கத்தினதைவிட அவள் கூடக் கத்தினாள். மங்கல் வெளிச்சத்தில் பார்க்கக் கண்ணுக்கு ஒரு நிறப்பொருள் வேண்டும், அதைச் செய்ய விற்றமின் ஏ வேண்டும். குறைந்தால் முதலில் போவது இரவுப் பார்வை. ஊரில் மாலைக்கண் என்று சொல்லி ஆட்டீரல் கொடுத்தது இதற்குத்தான். எங்கள் நாட்டில் சின்னப் பிள்ளைகளுக்கு விற்றமின் ஏ கொடுப்பதும், உலகத்தில் எத்தனையோ பிள்ளைகளின் கண் இதனால் போயிருக்கிறது என்பதால்தான். அன்றிரவு மின்விளக்கை அணைத்துவிட்டு, "இது எத்தனை விரல்?" என்று அவளைக் கேட்டுக்கொண்டிருந்தோம். எங்களுக்கே எங்கள் விரல் தெரியவில்லை.

அடுத்த நாள் கூட்டிக்கொண்டு போனோம். கண்ணில் பிழை இல்லை. இரத்தத்தில் ஹீமோகுளோபின் 9.4. பெண்களுக்குப் பன்னிரண்டாவது இருக்கவேணும். இந்த டொக்டர் ஒரு அம்மா. ரிப்போர்ட்டை வைத்துவிட்டு, "ஏன் பிள்ளை முட்டையையும் மீனையும் விட்டனீர்?" என்று கேட்டா. அவள் கனடா, ஈரல், நஞ்சு ஒன்றும் சொல்லவில்லை. "முகத்துக்கு" என்றாள். டொக்டர் கொஞ்ச நேரம் எழுதாமல் இருந்தா. பிறகு குளிசைகளை எழுதி, ஒவ்வொன்றும் என்ன செய்யும், எது வயிற்றைப் பிரட்டும், எதைத் தேத்தண்ணியோடு எடுக்கக்கூடாது என்று சொல்லிச் சொல்லித் தந்தா. வெளியே வந்து ஓட்டோவுக்குள் அவள் சொன்னது: "முதல் போன இடத்தில இப்பிடிச் சொல்லியிருந்தா நான் தேடியே இருக்கமாட்டன்."

நாங்கள் அவளோடு சண்டை பிடித்தாலும் ஏன் தடுத்து நிறுத்தவில்லை என்று இதை வாசித்த ஒரு சிநேகிதி கேட்டாள். அவளுடைய முகத்துக்கு எல்லோரும் வைத்தியம் சொன்னார்கள். மாமி சொன்னா, தரகர் சொன்னார், பஸ்ஸில் பக்கத்தில் இருந்த மனுசி சொன்னா. அவளாகத் தேடி, அவளாக முடிவெடுத்து, கொப்பியில் திகதி போட்டு எழுதி வைத்த ஒரே விஷயம் இந்தச் சாப்பாடு. அதைப் பிடுங்க எங்களுக்குக் கை வரவில்லை. இரத்தம் 9.4 என்று தாளில் கண்ட பிறகு வந்தது.

இப்போது மீன் சாப்பிடுகிறாள், முட்டை சாப்பிடுகிறாள். இரும்புக் குளிசை போடுகிறாள். படியேறும்போது எங்களுக்கு முன்னால் போகிறாள். மயிர் கொட்டுவது இன்னும் நிற்கவில்லை. பூசணிக்காய் மட்டும் தொடமாட்டாளாம், அது முந்தியும் பிடிக்காது. நாடியில் புதிதாக மூன்று பரு வந்திருக்கிறது. போன கிழமை அம்மா திரும்பவும் படம் கேட்டு எடுத்தா. "முதல்ல இரத்தம் கூடட்டும் அம்மா, பிறகு பாப்பம்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு, சோற்றுக்குத் தண்ணி வைக்கப் போனாள்.