மேட்டில் இறங்கி நடப்பவர்

தமிழகக் கரையிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவில், வங்கக் கடலின் கிழக்கே அந்தமான் தீவுகள் உள்ளன. மியான்மர் நாட்டின் அரக்கான் மலைத்தொடர் கடலுக்குள் இறங்கித் தெற்கே நீள்கிறது. அதன் முகடுகளே நீருக்கு மேலே தீவுகளாகத் தெரிகின்றன. ஆதலால் இங்குச் சமதளம் அரிது. தீவுகளின் தலைநகரான போர்ட் பிளேயர், 2024ஆம் ஆண்டு ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. அந்நகரின் ஒரு பகுதியே ஷாதிபூர். இந்நகரில் ஒரு தெரு ஏறினால் அடுத்த தெரு இறங்கும். வீட்டு வாயிலிலிருந்து கடைக்குச் செல்வதற்குள் ஒரு மேட்டையும் ஒரு பள்ளத்தையும் கடக்க நேரும்.

இத்தகைய ஊரில், ஐம்பது வயதில், நாள்பட்ட இடுப்பு வலியுடன் ஒருவர் மிதிவண்டியில் மீண்டும் ஏற விரும்பினால் என்ன ஆகும்? ஷாதிபூரில் வாழும் தமிழர் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். அவருக்குப் பெயர் தேவையில்லை. பிழைப்பு நாடிக் கடல் கடந்து வந்து, உழைத்து, உடல் தளர்ந்த நடுவயதினர் எல்லா ஊர்களிலும் இருக்கின்றனர். இதைப் படிக்கும் மாணவர் சிலரின் வீட்டிலும் அத்தகையவர் ஒருவர் இருக்கக்கூடும்.

சமவெளியில் கற்ற கலை

அவர் பிறந்தது இராமநாதபுரம் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில். கண்மாய்க் கரையும் பனைமரங்களும் கருவேலங்காடும் சூழ்ந்த அந்த மண்ணில் மேடு என்று சொல்லத்தக்கது கண்மாய்க் கரை மட்டுமே. சாலையில் நின்று பார்த்தால் அடுத்த ஊரின் கோயில் கோபுரம் தெரியும். அங்கே மணிக்கணக்கில் வாடகைக்கு மிதிவண்டி கொடுக்கும் கடைகள் இருந்தன. சிறுவர்கள் கையிலிருந்த சில்லறையைக் கொடுத்து வண்டி எடுப்பர். இருக்கைக்குக் கால் எட்டாத வயதில், நடுக்கம்பிக்குக் கீழே ஒரு காலை நுழைத்து, உடலைச் சாய்த்து மிதிப்பர். அதற்குக் குரங்குப் பெடல் என்று பெயர். முழங்கால் சிராய்க்காமல் அதைக் கற்றவர் எவருமில்லை.

அவரும் அவ்வாறே கற்றார். பின்னர்த் தந்தையின் மிதிவண்டியில் பள்ளிக்குச் சென்றார். பின்னிருக்கையில் தாயை ஏற்றிக்கொண்டு சந்தைக்குச் சென்றார். வயலுக்கு உர மூட்டை சுமந்தார். அக்காலத்தில் மிதிவண்டி ஓட்டுவது ஒரு தனித் திறமையாக அவருக்குத் தோன்றியதில்லை. நடப்பதைப் போலவும் உண்பதைப் போலவும் அது வாழ்வின் இயல்பாக இருந்தது.

இருபத்திரண்டாம் வயதில் சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏறினார். ஏறத்தாழ மூன்று நாள் பயணத்திற்குப் பின் தீவில் இறங்கியபோது அவரிடம் ஒரு தகரப் பெட்டி மட்டுமே இருந்தது. மிதிவண்டி ஊரிலேயே தங்கிவிட்டது. பிறகு வேலை, திருமணம், பிள்ளைகள், வீட்டுக் கடன், பழைய ஸ்கூட்டர் என ஆண்டுகள் ஓடின. கிடங்கில் மூட்டைகளை எண்ணி அடுக்கிய காலத்தில் முதுகு வளைந்தது. பின்னர் கணக்கெழுதும் மேசை முன் அமர்ந்த காலத்தில் அது இறுகியது.

சுருங்கும் உலகம்

வலி ஒரே நாளில் வந்துவிடவில்லை. முதலில் காலையில் எழும்போது இடுப்பில் ஒரு பிடிப்பு இருந்தது. பின்னர் அது இடப்பக்கத் தொடை வழியாகக் கணுக்கால்வரை மின்னலைப் போல் இறங்கத் தொடங்கியது. தைலம், பட்டை, மாத்திரை எனப் பலவும் வந்து போயின. மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் வலியை மருத்துவர்கள் நாள்பட்ட வலி என்பர். அவருக்கோ மூன்று ஆண்டுகள் கடந்தன.

இடுப்பு வலி அவருக்கு மட்டும் உரியதன்று. உலக சுகாதார நிறுவனம் வெளியிட்டுள்ள கணக்கின்படி, 2020ஆம் ஆண்டில் உலகில் சுமார் 61 கோடியே 90 லட்சம் பேர் கீழ்முதுகு வலியால் துன்புற்றனர். எனினும் கோடிக்கணக்கானோருக்கு உள்ள வலி என்று அறிவதால் ஒருவரின் வலி குறைந்துவிடுவதில்லை.

வலியைவிடக் கொடியது, வலிக்கு அஞ்சி அவர் ஒவ்வொன்றாகக் கைவிட்ட செயல்கள். முதலில் கீழே அமர்ந்து உண்பதை விட்டார். பிறகு சந்தைக்கு நடந்து செல்வதை விட்டார். கோயில் திருவிழாவில் நெடுநேரம் நிற்க இயலாது என்று வீட்டிலேயே இருந்துகொண்டார். மகள் கடற்கரைக்கு அழைத்தபோது, “நீங்கள் போய்வாருங்கள்” என்றார். கடல் கடந்து வந்தவரின் உலகம் ஒரு நாற்காலி அளவுக்குச் சுருங்கியது. அவர் அதை வெளியே சொல்லவில்லை. தந்தைக்குக் கடற்கரை பிடிக்காது என்றே பிள்ளைகள் எண்ணிக்கொண்டனர்.

முதுகு என்னும் அடுக்கு

மனித முதுகெலும்பு 33 எலும்புகளால் ஆனது. கழுத்தில் 7, மார்புப் பகுதியில் 12, இடுப்புப் பகுதியில் 5 என 24 எலும்புகள் அசையும் தன்மை கொண்டவை. கீழே உள்ள 9 எலும்புகள் வளர்ச்சியின்போது ஒன்றோடொன்று பிணைந்துவிடுகின்றன. அசையும் எலும்புகளுக்கு இடையே மெத்தை போன்ற தட்டுகள் இருக்கின்றன. அத்தட்டு பிதுங்கி அருகிலுள்ள நரம்பை அழுத்தும்போது வலி காலுக்கும் இறங்கலாம்.

வளர்ந்தவர்களின் இடைத்தட்டுகளுக்குள் இரத்தக் குழாய்கள் ஏறத்தாழ இல்லை. சுற்றிலுமிருந்து ஊறிவரும் நீர்மத்தைக் கொண்டே அவை உயிர்வாழ்கின்றன. உடல் அசையும்போது அந்த ஊற்று எளிதாகிறது. மேலும், முதுகைத் தாங்கி நிற்பவை வயிறு, இடுப்பு, தொடை ஆகியவற்றின் தசைகள். அசையாதிருந்தால் அவை மெலியும். தசைகள் மெலிந்தால் சிறு அசைவும் வலிக்கும். வலிப்பதால் மனிதர் மேலும் அசையாதிருப்பர். இந்தச் சுழலில்தான் அவர் சிக்கியிருந்தார்.

இதனால்தான் 2023ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதல்களில், நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கு உடற்பயிற்சியும் வலியைப் பற்றிய அறிவும் முக்கிய இடம் பெற்றன. அவரைப் பரிசோதித்த மருத்துவரும் ஏறத்தாழ அதையே கூறினார். “முதுகு முறிந்துவிடவில்லை. அசைய அஞ்சுவதை நிறுத்துங்கள். உங்களுக்குப் பிடித்த ஓர் அசைவைத் தேர்ந்தெடுங்கள். ஆனால் சிறிதாகத் தொடங்குங்கள்.”

பிடித்த அசைவு எது என்று எண்ணியபோது, முப்பது ஆண்டுகளாக நினையாத ஒன்று அவர் நினைவுக்கு வந்தது.

பத்து நிமிடம்

மகளின் மிதிவண்டி படிக்கட்டின் கீழே தூசி படிந்து கிடந்தது. கல்லூரிக்குச் சென்ற பின் அவள் அதைத் தொடவில்லை. அதைத் துடைத்துக் காற்றடித்துக்கொண்டிருந்த தந்தையைக் கண்டதும், “அப்பா, உங்களுக்கு இடுப்பு வலிக்குமே!” என்று பதறினாள். “ஏறாவிட்டாலும் வலிக்கத்தானே செய்கிறது, அம்மா” என்று அவர் சொன்னார்.

தொடங்குமுன் அவர் வண்டியைத் தம் உடலுக்கேற்பத் திருத்தினார். இருக்கை மிக உயரமாக இருந்தால், மிதிக்கும்போது இடுப்பு இருபுறமும் ஆடி முதுகை வருத்தும். மிகத் தாழ்ந்திருந்தால் முழங்கால் நோகும். மிதிகட்டை அடியில் இருக்கும்போது முழங்கால் சற்றே மடங்கியிருப்பதே ஏற்ற உயரம். கைப்பிடி தாழ்ந்திருந்தால் முதுகு மிகவும் வளையும் என்பதால் அதையும் உயர்த்தினார். ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் உடலின் எடை கால் மூட்டுகளில் அதிர்வாக இறங்குகிறது. மிதிவண்டியிலோ எடையின் பெரும்பகுதியை இருக்கை தாங்கிக்கொள்கிறது. ஆகவே ஓட இயலாத பலருக்கும் மிதிக்க இயல்கிறது.

இந்தியா முழுமைக்கும் ஒரே நேரக் கணக்கு. தீவுகளோ கிழக்கே வெகுதொலைவில் உள்ளன. ஆதலால் இங்குக் காலை ஐந்து, ஐந்தரை மணிக்கெல்லாம் வெளிச்சம் பரவிவிடுகிறது. ஊர் விழிக்குமுன் கிடைக்கும் அந்த வெளிச்சத்தில், வண்டியைச் சரிவுகளில் தள்ளிக்கொண்டே கடலோரச் சமதளத்திற்குச் சென்றார். முதல் நாள் பத்து நிமிடம் மட்டுமே ஓட்டினார். வேகம் குறைவாயினும் உடல் சமநிலையை மறக்கவில்லை என்பது அவருக்கு வியப்பளித்தது. பத்து நிமிடம் முடிந்ததும், இன்னும் ஓட்டலாம் என்னும் ஆசை இருந்தபோதே இறங்கிவிட்டார். மறுநாள் இடுப்பு சற்று இறுகியிருந்தது. ஆனால் அஞ்சியபடி மோசமாகவில்லை. ஒரு நாள் விட்டு மீண்டும் சென்றார். வாரத்திற்கு இரண்டு, மூன்று நிமிடம் கூட்டினார். மழைநாளிலும் வலி மிகுந்த நாளிலும் ஓய்வெடுத்தார். ஆனால் ஓய்வு நாளை விட்டுவிட்ட நாளாக அவர் எண்ணவில்லை.

இறங்கி நடத்தல்

எல்லாவற்றிலும் கடினமானது வீடு திரும்பும் வழியிலிருந்த மேடு. எழுந்து நின்று மிதித்தால் ஏறிவிடலாம். ஆனால் இடுப்பு இணங்காது. எனவே மேடு தொடங்கும் இடத்தில் இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தார். பள்ளிச் சிறுவர் இருவர் அவரைக் கடந்து மிதித்துச் சென்றபோது திரும்பிப் பார்த்துச் சிரித்தனர். தேநீர்க் கடையில் நின்றவர், “என்ன அண்ணே, சங்கிலி அறுந்துவிட்டதா?” என்று கேட்டார்.

அன்று அவருக்கு வெட்கமாக இருந்தது. இருபது வயதில் உர மூட்டையுடன் கண்மாய்க் கரை ஏறிய கால்கள் அல்லவா அவை! மறுநாள் செல்லாமல் விட்டுவிடலாமா என்று தோன்றியது. வலி விரட்டாதவரை வெட்கம் விரட்டப் பார்த்தது. ஆயினும் அவர் ஒன்றைத் தெளிந்தார். அவர் மீட்க விரும்பியது இருபது வயதை அன்று. அது எவருக்கும் திரும்பி வராது. ஐம்பது வயதில், இந்த முதுகுடன், இந்த ஊரில் ஓட்டக்கூடிய ஓட்டம் ஒன்று உண்டு. அதில் இறங்கி நடப்பதும் ஒரு பகுதி. அடுத்த முறை தேநீர்க் கடைக்காரர் கேட்டபோது, “சங்கிலி நன்றாகத்தான் இருக்கிறது, தம்பி, இடுப்புக்குத்தான் எண்ணெய் போட வேண்டும்” என்று சொல்லி அவரும் சிரித்தார்.

விரைந்தவர்களும் நிலைத்தவர்களும்

அந்தமான் நிக்கோபார் தீவுகள் மிதிவண்டிப் பந்தயத்தில் இந்தியாவுக்குப் பெருமை தேடித்தந்தவை. கார் நிக்கோபாரைச் சேர்ந்த டெபோரா ஹெரால்ட், 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தாக்கியபோது ஒன்பது வயதுச் சிறுமி. மரத்தைப் பற்றிக்கொண்டு உயிர் பிழைத்த அவர், பின்னாளில் பன்னாட்டுப் போட்டிகளில் இந்தியாவின் சார்பில் விரைந்தார். இத்தீவுகளைச் சேர்ந்த ஈசோ ஆல்பன், 2018ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தில் நடைபெற்ற இளையோர் உலகப் போட்டியில் வெள்ளிப் பதக்கம் வென்றார். இவர்களின் வெற்றி நொடியின் சிறு பகுதிகளால் அளக்கப்படுவது.

வேறோர் அளவுகோலும் உண்டு. பிரான்சு நாட்டில் 1911ஆம் ஆண்டு பிறந்த இராபர்ட் மார்ஷான் இளமையில் மிதிவண்டி ஓட்டினார். பின்னர்ப் பல நாடுகளில் பல தொழில்கள் செய்து வாழ்ந்தார். அறுபது வயதைக் கடந்த பிறகே மிதிவண்டிக்குத் திரும்பினார். 2012ஆம் ஆண்டு, நூறு வயதில், ஒரு மணி நேரத்தில் 24 கிலோமீட்டருக்குச் சற்று மேல் ஓட்டினார். 2014இல், 102 வயதில், அதே ஒரு மணி நேரத்தில் 26.927 கிலோமீட்டர் கடந்தார். இடைப்பட்ட காலத்தில் அவர் செய்த பயிற்சியில் பெரும்பகுதி மெதுவான ஓட்டமே, சிறுபகுதியே விரைவானது. 2017இல், 105 வயதில், அவர் கடந்த தொலைவு 22.547 கிலோமீட்டர். தொலைவு குறைந்தது, ஆனால் அவர் ஓட்டிக்கொண்டிருந்தார்.

மார்ஷானுக்கு வாய்த்த உடல் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. எல்லா முதுகும் மிதிவண்டிக்கு ஏற்றதுமன்று. கால் மரத்துப்போதல், கால் வலுவிழத்தல், சிறுநீரை அடக்க இயலாமை ஆகியவை தோன்றினால் உடனே மருத்துவரை நாட வேண்டும். சிலருக்கு நடைப்பயிற்சியோ நீச்சலோ பொருந்தும். வலியைப் பொறுத்துக்கொள்வது வீரம் என்றெண்ணி உடலை வருத்துவதும், வலிக்கு அஞ்சி உடலைப் பூட்டி வைப்பதும் ஒன்றுபோலவே தீங்கு தரும்.

திரும்பக் கிடைத்தவை

ஓராண்டு கடந்த பின்னும் அவருடைய வலி முற்றிலும் நீங்கவில்லை. காலைப் பிடிப்பு இன்றும் உண்டு. ஆனால் பத்து நிமிடம் நாற்பது நிமிடமாகியுள்ளது. சந்தைக்குச் செல்கிறார், திருவிழாவில் நிற்கிறார், தம்மால் எவ்வளவு நேரம் நிற்க இயலும் என்பதை அறிந்து, அதற்குள் அமர்ந்துகொள்கிறார். மேடு ஏறும்போது இன்றும் இறங்கித்தான் நடக்கிறார்.

விடுமுறைக்கு வந்த மகள் ஒரு நாள் வாடகை வண்டி எடுத்துக்கொண்டு அவருடன் சென்றாள். கார்பின் கடற்கரைக்குச் செல்லும் சாலையில், ஒருபுறம் கடலும் மறுபுறம் குன்றுமாக இருவரும் மெல்ல ஓட்டினர். அப்போதுதான் குரங்குப் பெடலைப் பற்றியும், பின்னிருக்கையில் சந்தைக்கு வந்த பாட்டியைப் பற்றியும், கண்மாய்க் கரையைப் பற்றியும் அவள் முதன்முறையாகக் கேட்டாள். அவள் பார்த்திராத ஊர் அது. நாற்காலியில் அமர்ந்திருந்த ஆண்டுகளில் அவர் ஒருமுறையும் அதைப் பேசியதில்லை. மிதிக்கும்போது தானாகவே வந்தது.

ஒரு மேடு எதிர்ப்பட்டது. மகள் ஏறிவிடும் வலிமை உடையவள். ஆயினும் தந்தை இறங்கியதும் அவளும் இறங்கினாள். கதை பாதியில் நின்றிருந்தது. இருவரும் வண்டிகளைத் தள்ளியவாறே நடந்தனர்.