ராத்திரி நிற்கும், மத்தியானம் விழும்

ஓவர்க்ளாக்கிங் ஒன்றும் மந்திரமில்லை. தயாரித்தவர்கள் சொன்ன வேகத்தைவிடக் கூடுதலாக ப்ராசஸரை ஓட்டுவது, அவ்வளவுதான். 1998-ல் வந்த இன்டெல் செலரான் 300ஏ இதற்குப் பேர்போனது. மதர்போர்டில் பஸ் வேகத்தை 66-லிருந்து 100 மெகாஹெர்ட்ஸாக மாற்றினால், 300-ல் ஓட வேண்டியது 450-ல் ஓடும். கொடுத்த காசுக்கு ஒன்றரை மடங்கு வேகம்! மாணவர்களுக்கு வேறென்ன வேண்டும்?

ஆனால் நடுவில் 83 என்று ஒரு வேகம் இருந்தது. அதை வைத்தால் பிசிஐ பஸ்ஸும் 33-லிருந்து 41-க்கு மேல் ஏறிவிடும். ப்ராசஸர் தாங்கிக்கொள்ளும், ஹார்ட் டிஸ்கில் இருக்கும் ஃபைல்கள்தான் கெட்டுப்போகும். தப்பு செய்வது ஒன்று, மாட்டிக்கொள்வது இன்னொன்று. ஓவர்க்ளாக் செய்த கம்ப்யூட்டர் தடுமாறும்போதெல்லாம் கதை இதுதான்.

உறையூரில், மொட்டை மாடிக்கு நேர் கீழே அறை உள்ள ஒரு பொறியியல் மாணவனை எடுத்துக்கொள்வோம். ஜனவரி மாத ராத்திரியில் பயாஸில் வேகத்தை ஏற்றி, விடிய விடிய ப்ரைம்95 ஓட்டிப் பார்க்கிறான். ஒரு பிழையும் இல்லை. அதே கம்ப்யூட்டர் மே மாத மத்தியானம் ப்ராஜெக்ட் வேலைக்கு நடுவில் நீலத்திரை காட்டுகிறது. விண்டோஸைத் திரும்பப் போடுகிறான். ட்ரைவரை மாற்றுகிறான். ராத்திரியில் சரியாக ஓடுகிறது, மறுநாள் மத்தியானம் மறுபடி விழுகிறது.

கணக்கு எளிது. ஹீட்சிங்கும் ஃபேனும் அறையின் காற்றைவிடச் சில்லைக் குளிர வைக்க முடியாது. அறை 25 டிகிரியில் இருக்கும்போது சில்லு 72 என்றால், அறை 38 ஆகும்போது சில்லு சுமார் 85. சூடு ஏற ஏற அதே வேகத்துக்குக் கூடுதல் வோல்டேஜ் தேவைப்படும். வோல்டேஜைக் கூட்டினால் சூடு இன்னும் ஏறும், அதுவும் வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்ப! வெக்காளியம்மன் கூரையில்லாமல் திருச்சி வெயிலைத் தாங்குவாள், கம்ப்யூட்டர் தாங்குமா? :-)

அப்படியானால் எங்கிருந்து தேடுவது?

முதலில் எல்லாவற்றையும் பழைய அமைப்புக்கே கொண்டுபோக வேண்டும். எக்ஸ்எம்பியையும் அணைக்க வேண்டும், அதுவும் மெமரியை ஓவர்க்ளாக் செய்வதுதான் என்பது பலருக்குத் தெரிவதில்லை. அப்போதும் விழுந்தால் குற்றம் ஓவர்க்ளாக்கிங்கில் இல்லாமலும் இருக்கலாம். போன ஆயுத பூஜைக்குத் துடைத்ததோடு சரி என்றிருக்கும் கேபினெட்டின் தூசியைப் பார்க்கலாம். காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டைப் பார்க்கலாம்.

பழைய அமைப்பில் நின்றால், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். முதலில் மெமரி மட்டும்: மெம்டெஸ்ட்86 முழுதாக ஓட வேண்டும், ஒரு பிழைகூடக் கூடாது. பிறகு ப்ராசஸர் மட்டும். ப்ரைம்95-ல் சிறிய எஃப்எஃப்டி சோதனையில் பிழை வந்தால் சந்தேகம் ப்ராசஸரின் வோல்டேஜ் மேல். சிறியது தாண்டி, பிளெண்ட் சோதனையில் மட்டும் வந்தால் மெமரி மேல். நீலத்திரைகூட இல்லாமல் பட்டென்று அணைந்தால் எஸ்எம்பிஎஸ்ஸைப் பார்க்க வேண்டும். விழாமல் வேகம் மட்டும் குறைந்தால் அது சூடு. வாட்டர் கூலர் போட்டவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ப்ராசஸர் குளிர்ந்திருக்கும், ஆனால் பக்கத்தில் மதர்போர்டின் விஆர்எம் காற்றே படாமல் வெந்துகொண்டிருக்கும்.

கடைசிச் சோதனையை மத்தியானம் 2 மணிக்கு, கேபினெட்டை மூடி வைத்துச் செய்ய வேண்டும். மூடியைக் கழற்றி, டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்து வாங்கும் பாஸ் மார்க் செல்லாது.

இது சொந்த ஆராய்ச்சியில் ஈடுபடுபவர்களுக்கு மட்டுமான விஷயம் இல்லை. 2011-ல் மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சியாளர்கள் ஏறத்தாழ 10 லட்சம் கம்ப்யூட்டர்களின் பதிவுகளை அலசி, ஓவர்க்ளாக் செய்தவை அதிகம் விழுகின்றன என்று காட்டினார்கள். இன்டெல்லின் 13, 14-ம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசஸர்களிலோ, ஓவர்க்ளாக் செய்யாதவர்களுக்கும் கேம்கள் பாதியில் நின்றன. திரையில் வந்த செய்தி பல நேரம் கிராஃபிக்ஸ் மெமரி போதவில்லை என்பது! பாவம், கிராஃபிக்ஸ் கார்டு. வோல்டேஜ் அளவுக்கு மீறிப் போனதில் ப்ராசஸரே பழுதாகிறது என்று 2024-ல் இன்டெல் ஒப்புக்கொண்டு, பயாஸ் வழியாகத் திருத்தம் தந்தது. வாரண்டியையும் 2 ஆண்டு நீட்டித்தது. ஏற்கெனவே பழுதானதை அந்தத் திருத்தம் சரிசெய்யாது.

விழுகிற கம்ப்யூட்டர்கூடப் பரவாயில்லை, விழுந்தேன் என்று சொல்லிவிடுகிறது. விழாமல் தப்பாகக் கணக்குப் போடுவதுதான் ஆபத்து. ஒரு பிட் மாறிய ப்ராஜெக்ட் ஃபைல் அமைதியாக சேவ் ஆகும், அதையே பேக்கப்பும் எடுத்துக்கொள்ளும். வைவா அன்றைக்குத்தான் தெரியவரும். நாலு சதவீத வேகத்துக்காக நாலு மாத உழைப்பைப் பணயம் வைக்கலாமா என்பதை, வேகத்தை ஏற்றுவதற்கு முன்பே யோசித்துவிடுவது நல்லது. அப்படியும் ஏற்றத்தான் வேண்டுமென்றால், மே மாதத்தில் நின்ற வேகத்தை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உறையூருக்கு அதுதான் கணக்கு.