ஆயிரம் படி வயலில் மூன்று நாள் வேலை

ஜப்பான் என்றால் புல்லட் ரயில், ரோபோ, ஆள் இல்லாமல் ஓடும் டிராக்டர் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் வேளாண்மைக் கல்லூரி மாணவர்கள் 11 பேருக்குத் துணையாக 2025 மே மாதம் நான் அங்கே போனேன். முதல் வேலையாக எங்கள் கையில் கொடுத்தது மண்வெட்டி. வரப்புக்கு அண்டை போட வேண்டும். பவர் டில்லரைக்கூடத் திருப்ப முடியாத வயல்கள் அவை.

அந்த இடம் இஷிகாவா மாகாணத்தில், ஜப்பான் கடலுக்குள் நீண்டிருக்கும் நோட்டோ தீபகற்பத்தில் இருக்கிறது. கனசவா நகரம் வரை புல்லட் ரயில் போகிறது. அங்கிருந்து சாலை வழியாக வாஜிமா நகரைத் தாண்டினால் ‘ஷிரோயோனே சென்மாய்டா’ வரும். சென்மாய்டா என்றால் ஆயிரம் வயல். பெயருக்கு ஏற்றபடி, கடலை நோக்கி இறங்கும் சரிவில் 1,004 நெல் வயல்கள் படிப்படியாக இருக்கின்றன. மொத்தப் பரப்பு சுமார் 4 ஹெக்டேர், நம் கணக்கில் 10 ஏக்கர். பெரும்பாலான வயல்கள் ஒரு சென்ட்கூட இருக்காது. நோட்டோ பகுதியின் வேளாண் முறையை உலக உணவு வேளாண்மை அமைப்பு 2011இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த வேளாண் மரபாக அறிவித்தது. ஜப்பானில் முதன்முதலாக அந்த அங்கீகாரம் பெற்றவை நோட்டோவும் சாடோ தீவும்தான்.

2024 ஜனவரி 1 அன்று இந்தத் தீபகற்பத்தை 7.6 அளவு நிலநடுக்கம் உலுக்கியது. கடற்கரையே சில இடங்களில் 4 மீட்டர் வரை மேலே எழும்பிவிட்டது. படி வயல்களில் வெடிப்பு விழுந்தது. வெடிப்பு விழுந்த வயலில் தண்ணீர் நிற்காது என்பது உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. படி வயலில் இன்னொரு ஆபத்தும் உண்டு. மேல் வயலில் கசியும் நீர், கீழ் வயலின் கரையை அரித்துச் சரித்துவிடும். அந்த ஆண்டு 1,004இல் சுமார் 120 வயல்களில் மட்டுமே நடவு செய்ய முடிந்தது. செப்டம்பரில் பெய்த பெருமழை மறுபடியும் அடித்தது. எஞ்சிய வயல்களை ஒவ்வொன்றாக மீட்கும் வேலைக்குத்தான் வெளியூர்க் கைகள் தேவைப்பட்டன.

அங்கே தன்னார்வலராகப் போவதற்கும் ஒழுங்கு இருக்கிறது. 1995 ஜனவரியில் கோபே நகரை நிலநடுக்கம் தாக்கியபோது நாடெங்கிலும் இருந்து மக்கள் உதவிக்கு ஓடினார்கள். அந்த ஆண்டையே ‘தன்னார்வத்தின் முதல் ஆண்டு’ என்று சொல்கிறார்கள். அதிலிருந்து கற்ற பாடம்: முன்கூட்டியே பெயர் பதிய வேண்டும், காப்பீடு எடுக்க வேண்டும், சாப்பாடு, தண்ணீர், கையுறை எல்லாம் நாமே கொண்டுபோக வேண்டும். உதவிக்கு வந்தவர் உள்ளூர்க்காரருக்குப் பாரமாகிவிடக் கூடாது என்பதே விதி. எங்கள் மாணவர்களும் கட்டுச்சோறோடுதான் வயலுக்கு இறங்கினார்கள்.

முதல் இரண்டு நாள் வெடிப்பைத் தோண்டி, களிமண் இட்டு நிரப்பி, மிதித்து, வரப்பில் சேறு பூசினோம். மூன்றாம் நாள் நடவு. கையால் நடும் இடங்களில் மரச்சட்டத்தை உருட்டிக் கோடு போட்டு, கோடுகள் சந்திக்கும் இடத்தில் நாற்றை வைப்பார்கள். நம் ஒற்றை நாற்று நடவுக்கு மார்க்கர் உருட்டுகிறோமே, அதே வேலைதான். வளைந்து நெளியும் குறுகிய வயலில், வரப்பின் வளைவை ஒட்டியே நாற்று வைத்தோம். முதல் தடவை சேற்றில் இறங்கிய மாணவிக்கு, எழுபதைத் தாண்டிய பாட்டி ஒருவர் நாற்றைப் பிடித்து விரலால் அழுத்தும் விதத்தைக் காட்டினார். இரண்டு பேருக்கும் பொது மொழி இல்லை. மதியத்துக்குள் அந்தப் பெண் வரிசை பிசகாமல் நட்டாள்.

இரவில் கிராமத்து வீடுகளில் தங்கினோம். சாப்பிடும் முன் கைகூப்பி ‘இததாகிமாசு’ என்கிறார்கள். பணிவோடு பெற்றுக்கொள்கிறேன் என்று பொருள். சமைத்தவர், விளைவித்தவர், உணவாக வந்த உயிர் எல்லாவற்றுக்கும் அந்த நன்றி. நோட்டோவுக்கே உரிய ‘ஆஎநோகோத்தோ’ என்ற வழிபாட்டையும் அங்கேதான் கேட்டறிந்தோம். டிசம்பர் 5 அன்று குடும்பத் தலைவர் நல்ல உடை உடுத்தி வயலுக்குப் போய், நெல் தெய்வத்தை வீட்டுக்கு அழைத்து வருவார். நெற்பயிர் குத்தித் தெய்வத்துக்குக் கண் தெரியாமல் போயிற்று என்பது நம்பிக்கை. அதனால் “இங்கே படி இருக்கிறது, இது புதுச்சோறு, இது மீன்” என்று ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லி உபசரிப்பார். குளிர்காலம் முழுக்க வீட்டில் வைத்திருந்து, பிப்ரவரி 9 அன்று திரும்ப வயலுக்கு அனுப்பிவைப்பார். யுனெஸ்கோ 2009இல் இதைப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. பொங்கல் வைக்கும் நமக்கு இது அந்நியமாகத் தெரியவில்லை.

அடுத்த ஆண்டு அந்தத் தெய்வத்தை அழைக்க வீட்டில் யார் இருப்பார்கள் என்பதுதான் அந்த ஊரின் கவலை. 2020 வேளாண் கணக்கெடுப்பின்படி, ஜப்பானில் விவசாயத்தையே முக்கியத் தொழிலாகச் செய்பவர்கள் சுமார் 13.6 லட்சம் பேர். அவர்களின் சராசரி வயது 67.8. இத்தகைய வயல்களைக் காப்பாற்ற இரண்டு வழிகளைக் கடைப்பிடிக்கிறார்கள். மலைப்பகுதி விவசாயத்துக்கு 2000ஆம் ஆண்டு முதல் அரசு நேரடியாகப் பணம் கொடுக்கிறது. அதிகச் சரிவுள்ள நெல் வயலுக்கு 10 ஆர், அதாவது 25 சென்ட்டுக்கு ஆண்டுக்கு 21,000 யென் வரை. நம் பணத்தில் ஏறத்தாழ 12,000 ரூபாய். ஊர்க்காரர்கள் சேர்ந்து, ஐந்து ஆண்டுகள் நிலத்தைத் தரிசாக விடமாட்டோம் என்று ஒப்பந்தம் போட வேண்டும். இரண்டாவது வழி ‘வயல் உரிமையாளர்’ திட்டம். 1992இல் கோச்சி மாகாணத்தின் யூசுஹாராவில் தொடங்கியது. நகரத்துக்காரர் ஆண்டுக்கு ஒரு தொகை கட்டி ஒரு வயலை ஏற்கிறார். நிலம் கைமாறுவதில்லை. நடவுக்கும் அறுவடைக்கும் குடும்பத்தோடு வருகிறார், நெல்லில் பங்கு பெறுகிறார். சென்மாய்டாவிலும் இந்த முறை உண்டு.

இதையெல்லாம் பார்த்து, தன்னார்வலர் வந்தால் விவசாயம் பிழைத்துவிடும் என்று நினைத்துவிடக் கூடாது. நாங்கள் நட்டது மூன்றாம் நாள். அன்று மாலையே பேருந்து ஏறிவிட்டோம். மடை பார்ப்பது, களை எடுப்பது, மழை வந்தால் நள்ளிரவில் கரையைப் பார்க்க ஓடுவது எல்லாம் அந்தப் பாட்டியைப் போன்றவர்களின் தலையில்தான். நட்ட பிறகு நூறு நாளுக்கு மேல் பயிரோடு இருக்க அந்த ஊரிலேயே வாழும் ஆள் வேண்டும். திரும்பும் வழியில் மாணவர்கள் இதைத்தான் பேசினார்கள். “எங்க ஊர்லயும் இன்னும் இருபது வருஷத்துல இதே நிலைமைதானே சார்?” என்று ஒருவன் கேட்டான். அவன் வீட்டில் மூன்று ஏக்கர் நிலம் இருக்கிறது. அண்ணன் சென்னையில் வேலை பார்க்கிறான். நான் பதில் சொல்லும் முன்பே, அறுவடை முடிந்த கையோடு அப்பாவிடம் பேச வேண்டும் என்று அவனே சொன்னான்.

வாசகர் கேள்வி: எங்கள் பிள்ளைகளும் இப்படிப் போக முடியுமா?

முடியும். ஜப்பான் அறிவியல் தொழில்நுட்ப முகமை 2014 முதல் ‘சகுரா சயின்ஸ்’ என்ற குறுகிய காலத் திட்டத்தை நடத்துகிறது. இதற்கு மாணவர் நேரடியாக விண்ணப்பிக்க முடியாது. அழைக்கும் ஜப்பானிய நிறுவனம்தான் விண்ணப்பிக்கும். ஆகவே உங்கள் பிள்ளை படிக்கும் கல்லூரிக்கு ஜப்பானியப் பல்கலைக்கழகத்தோடு ஒப்பந்தம் உண்டா என்று முதல்வரிடம் கேளுங்கள். பரிமாற்றப் பயணம் வேறு, சம்பளத்துக்கு வேலைக்குப் போவது வேறு. குறுகிய காலப் பயண விசாவில் அங்கே சம்பாதிக்க அனுமதி இல்லை. “பரிமாற்றம் என்று போய் பண்ணையில் சம்பாதிக்கலாம், இவ்வளவு பணம் கட்டுங்கள்” என்று யாராவது வந்தால் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.