மதமதப்புக்குச் சிங்களத்தில் என்ன சொல்வது?

தலவாக்கலைப் பக்கத் தோட்டங்களில் கால் மதமதப்பை யாரும் ஒரு வருத்தமாகவே எடுப்பதில்லை. மழையிலயும் குளிர்லயும் நாள் முழுக்கச் சரிவுல நின்னா மதமதக்காம என்ன செய்யும்? கொழுந்து கிலோ குறைந்தால் அரைப் பேர்தான் விழும். அதனால் அந்தக் காலோடயே மலைக்குப் போய்விடுவார்கள்.

எங்கள் பெரியம்மாவுக்கு அது இரண்டு உள்ளங்காலிலும் தொடங்கி மெதுவாக மேலே ஏறியது. ராவில் வெளியே போகும்போது தடுமாறினார். "சீனியாத்தான் இருக்கும்" என்றார்கள். சோதித்தால் சீனி இல்லை. வலியே இல்லாதவருக்கு வலி மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள்.

கடைசியில் ஒரு டொக்டர் அவரைப் பாதங்களைச் சேர்த்து நிற்க வைத்து, கண்ணை மூடச் சொன்னார். பெரியம்மா ஆடிப்போனார். பாதத்தின் செய்தியை நரம்பு சரியாகக் கொண்டுபோகாதபோது கண்தான் ஆளை நிமிர்த்தி வைத்திருக்கிறது. இருட்டில் அந்தத் துணையும் இல்லை.

பிறகு விற்றமின் பி12 பார்த்தார்கள். இரத்தப் புரதங்களைப் பிரித்துப் பார்க்கும் சோதனையில் ஒரே வகைப் புரதம் மட்டும் மிஞ்சி நின்றது. என்பு மச்சையைச் சோதித்ததும் தெரிந்தது வால்டென்ஸ்ட்ரோம் நோய். 1944இல் சுவீடன் வைத்தியர் ஜான் வால்டென்ஸ்ட்ரோம் விவரித்த, மெதுவாக வளரும் ஒரு இரத்தப் புற்றுநோய். அதன் கலங்கள் சுரக்கும் புரதம் சிலருக்கு நரம்பின் மேலுறையைத் தாக்கும்.

சிகிச்சைக்கு மஹரகம போய்வருகிறார். நோய் அடங்கியிருக்கு. கெட்டுப்போன நரம்பு முழுசாத் திரும்பவில்லை. இதில் நாள் போவதன் விலை அதுதான்.

இந்த நோய் மிக அரிது. மதமதப்புக்குப் பெரும்பாலும் சீனியோ விற்றமின் குறைவோதான் காரணம். ஆனால் அவை இல்லை என்று தெரிந்த பிறகும் "வயசாச்சு" என்று வீட்டுக்கு வரக்கூடாது. "வேற என்னவா இருக்கும்?" என்று கேட்கவேண்டும்.

கேட்கவேண்டியவங்க நாமதான். சிங்களம் தெரியும் என்று ஆஸ்பத்திரிக்குத் துணையாக அனுப்பப்படுவது நம்ம வயசுப் பிள்ளைகள். 'கக்குல ரிதெனவா' என்றால் கால் வலிக்கிறது. 'ஹிரி வெட்டெனவா' என்றால் மரத்துப்போகிறது. டொக்டர் அடுத்து எதைச் சோதிப்பார் என்பது இதில் எதைச் சொல்கிறோம் என்பதிலேயே மாறும். எப்போது தொடங்கியது, இரண்டு காலிலுமா, மேலே ஏறுதா, இருட்டில் தடுமாறுதா என்று வீட்டிலேயே கேட்டு, கொப்பியில் எழுதிக்கொண்டு போங்கள். அந்த வரிசையில் நிற்கும்போது பாதி மறந்துவிடும்.