ஒரே கிளிக்ல மூடின கண்மாய்

மெக்கன்சி ஆறு எந்தப் பக்கம் ஓடுதுன்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். கனடாவில் வடக்கு நோக்கி, ஆர்க்டிக் கடலுக்கு. வசந்த காலத்தில் தெற்கே பனி முதல்ல உருகிடும். வடக்கே ஆறு இன்னும் உறைஞ்சே கிடக்கும். வர்ற தண்ணிக்கு வழியில்லாம வெள்ளம். ஸ்கூல்ல படிச்சது, இன்னும் மறக்கல. ஆனா எங்க தாத்தா வயலுக்கு எங்கேர்ந்து தண்ணி வருதுன்னு நீங்க கேட்டிருந்தா, 'பிளவக்கல் டேம்'னு சொல்லி முடிச்சிருப்பேன்.

ஃபைனல் இயர் ப்ராஜெக்டுக்கு அந்த ஆற்றையே எடுத்தேன். வத்திராயிருப்புக்கு மேற்கே மலையடிவாரத்தில் ரெண்டு அணை: பெரியாறு, கோவிலாறு. (இந்தப் பெரியாறு வேற, முல்லைப் பெரியாறு வேற. வைவாவில் கட்டாயம் கேட்பாங்க.) ஐப்பசி, கார்த்திகை மழையில்தான் இவை நிரம்பும். அந்தத் தண்ணீர் அர்ச்சுனா நதியாகி, இருக்கன்குடி மாரியம்மன் கோவில் பக்கம் வைப்பாற்றில் கலந்து, மன்னார் வளைகுடாவுக்குப் போகிறது. வருஷத்தில் பாதி நாள் மெக்கன்சி பனிக்கட்டி. இங்கே பெரும்பாலான நாள் வெறும் மணல்.

2000 பிப்ரவரியில் விண்கலத்திலிருந்து ரேடாரில் எடுத்த உயர அளவுகளை டவுன்லோட் பண்ணி மேப் போட்டேன். நீல நிறத்தில் அழகா ஒரு கோடு வந்தது. தாத்தா வயல் பக்கம் எதுவுமே இல்லை. 'இங்கே நீர் தேங்கும் அமைப்பு இல்லை'ன்னு ரிப்போர்ட்லயும் எழுதிட்டேன். வயலை வித்துடலாம்னு ஏற்கனவே சொல்லிட்டிருந்த அப்பா, "பாருங்கப்பா, உங்க பேரனே போட்டிருக்கான்"னு லேப்டாப்பைத் தாத்தா பக்கம் திருப்பினார்.

தாத்தா ரொம்ப நேரம் பார்த்தார். "கண்மாயெல்லாம் எங்கய்யா?"

அப்போதான் உறைச்சது. ஆறு எங்கே ஓடும்னு கணக்கு போடுறதுக்கு முன்னாடி, 'ஃபில்'னு ஒரு ஸ்டெப் உண்டு. தரையில் இருக்கிற பள்ளங்களைப் பிழைன்னு நினைச்சு சாஃப்ட்வேர் நிரப்பிடும். நம்ம ஊரில் பள்ளம்னா கண்மாய்தானே! கரை கட்டித் தேக்கி, நிறைஞ்சா மறுகால் போய், அடுத்த கண்மாய் நிறையணும். நான் ஒரே கிளிக்ல எல்லாத்தையும் மூடிட்டேன்.

தாத்தா வயல் கடைசிக் கண்மாய்க்குக் கீழே. மேலே எல்லாம் நிறைஞ்சாத்தான் அங்கே தண்ணி. மெக்கன்சி டெல்டாவிலும் இப்படித்தானாம்: மேடான இடத்து ஏரிகளுக்குப் பனிக்கட்டி ஆற்றை அடைச்சு வெள்ளம் வந்தாத்தான் புதுத் தண்ணி. அது வராத வருஷத்தில் புதுத் தண்ணி இல்லை. அதுக்காக அந்த ஏரிகளை யாரும் மேப்பிலிருந்து அழிக்கிறதில்லை.

மறுநாள் தாத்தா சொல்லச் சொல்ல, ஒவ்வொரு கண்மாயா, மடை, மறுகாலோட கையால குறிச்சேன். எது நிறைஞ்சா எதுக்குப் போகும், எங்கே ஓடை தூர்ந்து கிடக்குன்னு விரல் விட்டுச் சொன்னார். ரெண்டு இடத்தில் கூகுள் எர்த் தப்பு, தாத்தா சரி. ஒரு இடத்தில் தாத்தா தப்பு. அங்கே இப்போ பிளாட் போட்டிருக்காங்க, அவருக்குத் தெரியல. சொல்லவா வேண்டாமான்னு யோசிச்சு, சொல்லிட்டேன். அதுக்கப்புறம் கொஞ்ச நேரம் அவர் பேசல.

ரிப்போர்ட்டில் அந்த வரியை எடுத்துட்டேன். புது மேப்பை அப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி ஒன்பது நாள் ஆச்சு. ப்ளூ டிக் மட்டும் இருக்கு.