ஒரே முகவரியில் 48 பேர்

நெட்வொர்க் ஸ்விட்ச் ஒன்றின் முகப்பில் 48 எஸ்எஃப்பி போர்ட்டுகள். செருகும் ஒவ்வொரு மாட்யூலுக்குள்ளும் ஒரு சின்ன ஈஈப்ராம். அதில் தயாரிப்பாளர் பெயர், வரிசை எண். அதைப் படிக்க ஐ2சி பஸ், அதாவது இரண்டே கம்பிகள். ஆனால் 48-க்கும் முகவரி ஒன்றுதான்: 0எக்ஸ்50. தரநிலையே அப்படி.

பிலிப்ஸ் நிறுவனம் 1982-ல் உருவாக்கிய பஸ் இது. இவ்வளவு கூட்டத்தை அன்று யார் நினைத்திருப்பார்கள்?

இங்கேதான் பிசிஏ9548 கைகொடுக்கிறது. ஒரு பஸ்ஸை எட்டாகப் பிரிக்கும் சிப். ஆறு வைத்தால் 48 போர்ட்டும் முடிந்தது. ஒரே ஒரு பைட் எழுதினால் போதும், அதில் எந்த பிட் 1-ஆக இருக்கிறதோ அந்தக் கிளை திறக்கும். லினக்ஸ் கர்னல் ஒவ்வொரு கிளைக்கும் தனி பஸ் எண் கொடுத்துவிடுகிறது. கிளையைத் திறக்கும் வேலையை அதுவே பார்த்துக்கொள்ளும். புரோகிராமுக்கு இது தெரியவே வேண்டாம். அழகான வடிவமைப்பு.

கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. வேலை முடிந்த பிறகும் கடைசிக் கிளையைத் திறந்தே வைப்பது இந்தச் சிப்புக்கான கர்னல் டிரைவரின் இயல்பு. அடுத்த சிப்பிலும் ஒரு கிளை திறந்தால் இரண்டு மாட்யூல்கள் ஒரே நேரத்தில் பதில் சொல்லும். கம்பியில் 0 தான் ஜெயிக்கும். பிழைச் செய்தி எதுவும் வராது, வரிசை எண் மட்டும் உளறும். வன்பொருளைக் கர்னலுக்கு விவரிக்கும் டிவைஸ் ட்ரீயில் 'ஐடில் டிஸ்கனெக்ட்' என்ற ஒரு வரியைச் சேர்த்தால், வேலை முடிந்ததும் கிளை மூடிக்கொள்ளும்.

சிப்பின் ரீசெட் பின்னையும் இணைத்துவிடுவது நல்லது. பழுதான மாட்யூல் கம்பியைப் பிடித்துக்கொண்டால், எல்லாக் கிளைகளையும் துண்டித்துத் தாய் பஸ்ஸை விடுவிக்க அதுதான் வழி.