தண்ணி குடிச்சீங்களா?

நாக்பூருக்கு மாற்றலாகி வந்த முதல் மே மாதம். வெளியே 45 டிகிரி, கிளைக்குள் ஏசி. வியர்வையும் இல்லை, தாகமும் தெரியவில்லை. தங்கமணி கொடுத்தனுப்பும் ஒரு லிட்டர் பாட்டில் சாயங்காலம் பாதியாகத் திரும்பும். நாலு டீயும் கணக்கில் சேருமே என்று வாதாடுவேன் :-)

ஜூனில் ஒரு ராத்திரி, விலாவில் பிடித்த வலி அடிவயிறு வரை இறங்கியது. சுருண்டுவிட்டேன். ஸ்கேனில் 5 மில்லிமீட்டர் கல்.

"எட்டு கிளாஸ் குடிக்கணுமா சார்?" டாக்டர் சிரித்தார். 1945-ல் அமெரிக்க உணவு, ஊட்டச்சத்து வாரியம் 2.5 லிட்டர் என்றது. அதில் பெரும்பகுதி சாப்பாட்டிலேயே இருக்கிறது என்ற அடுத்த வரியைத்தான் பலரும் விட்டுவிட்டார்களாம். ரசம், மோர் என்று சாப்பிடுகிற நமக்குச் சொல்லவா வேண்டும்! ஆனால் கல் வந்தவன் கணக்கு வேறு. சிறுநீரே தினம் 2.5 லிட்டர் போகணும். வரவை விடுங்க, செலவு டேலி ஆகணும்.

ஊரில் அப்பாவுக்கு இதயக் கோளாறு. அவருக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் கூடாது. ஒரே வீட்டில் இரண்டு லெட்ஜர்.

இப்போது பாட்டில் இரண்டு. கதவைத் திறந்ததும் மகள் பையை வாங்கி, பாட்டிலை ஆட்டிப் பார்க்கிறாள். எங்கள் ஆடிட்டர்கூட இவ்வளவு கறார் இல்லை.